சிப்பியே போடாத குடுவையில் பீக்

எண்ணூர் முகத்துவாரத்தில் பச்சைச் சிப்பி பெயர்த்தெடுத்த நாள்தான் என் ஆய்விலேயே சுலபமான நாள். ஏறக்குறைய ஒரே நீளமுள்ளவையாகப் பொறுக்கி, அலுமினியத் தாளில் சுற்றி, ஐஸ் பெட்டியில் வைத்து பஸ் ஏறினால் முடிந்தது. பிளாஸ்டிக் பை கூடவே கூடாது என்று ஆய்வகத்து அக்கா படித்துப் படித்துச் சொன்னதைச் சடங்கு மாதிரிதான் எடுத்துக்கொண்டேன்.

தேடியது டிடிடி என்ற பூச்சிக்கொல்லியையும் பிசிபி என்ற தொழிற்சாலை ரசாயனத்தையும். இரண்டும் தண்ணீரை விடக் கொழுப்பை விரும்புபவை. சிப்பி ஓயாமல் கடல்நீரை வடிகட்டித் தின்கிறது, இடத்தை விட்டும் நகராது. அதன் உடம்பில் இருப்பது அந்த இடத்துச் சரக்கு. 1975இல் கடல் வேதியியலாளர் எட்வர்ட் கோல்ட்பெர்க் சிப்பியை வைத்தே கடலைக் கண்காணிக்கலாம் என்று சொன்னதும் இதனால்தான்.

சதையை நீரற்ற சோடியம் சல்பேட்டோடு அரைத்து, சூடான கரைப்பானைத் திரும்பத் திரும்ப ஊற்றிச் சாறெடுக்கும் சாக்ஸ்லெட் கருவியில் 16 மணி நேரம் வடித்தேன். ராத்திரி குழாயில் தண்ணீர் நின்றால் ஆவியைக் குளிரவைக்கும் கண்டென்சர் சூடாகிக் கரைப்பான் மொத்தமும் பறந்துவிடும். சென்னையில் தண்ணீரை நம்பித் தூங்க முடியுமா? சாக்ஸ்லெட் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டேன். சாற்றில் ஒரு பங்கை ஆவியாக்கிக் கொழுப்பை எடைபோட்டு, மிச்சத்தைக் கொழுப்பு போகக் கந்தக அமிலத்தால் கழுவினேன். (டீல்ட்ரின் என்ற பூச்சிக்கொல்லியும் வேண்டுமென்றால் அமிலம் ஆகாது, அதையும் சேர்த்துத் தின்றுவிடும்.) பிறகு ஃப்ளோரிசில் தூள் நிரப்பிய குழாயில் வடிகட்டல், நைட்ரஜன் ஊதிச் சுண்டவைத்தல், கடைசியில் கலவையைப் பிரித்துக்காட்டும் ஜிசி கருவி, அதன் முனையில் குளோரின் சேர்மங்களை நுட்பமாக உணரும் ஈசிடி.

முதல் ஓட்டத்தில் திரை முழுக்கப் பீக், அதாவது பொருளுக்கு ஒன்றாக எழும் கூம்புகள். பெரிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம் மதியம் வரை தாங்கியது. சிப்பியே போடாத பிளாங்கிலும் அதே பீக்குகள்.

“எங்கடா பிளாஸ்டிக்கைத் தொட்டே?”

தொடவில்லை என்று சாதித்தேன். அக்கா எதுவும் பேசாமல் என் கையிலிருந்த ஹெக்சேன் கரைப்பான் நிரப்பிய பிளாஸ்டிக் பிழிபாட்டிலை வாங்கிப் பார்த்தார். அதிலிருந்து கரைந்து வந்த, பிளாஸ்டிக்கை வளைய வைக்கச் சேர்க்கும் தாலேட்டுகளைத்தான் இரண்டு வாரமாக அளந்திருக்கிறேன். எல்லாக் கண்ணாடியையும் 450 டிகிரியில் சுட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

பிளாங்க் சுத்தமானதும் அடுத்த வில்லங்கம். டிடிடி சிதைந்தால் வரும் பொருளில் ஒன்றின் பெயரும் தமிழில் எழுதினால் டிடிடியே (ஆங்கிலத்தில் அது DDT, இது DDD). அதைக் குட்டி டிடிடி என்று வைத்துக்கொள்வோம். சிப்பியில் இந்தக் குட்டிதான் ஓங்கி நின்றது. காற்றில்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் டிடிடியை இப்படி மாற்றும் என்று படித்திருந்ததால், எண்ணூர்ச் சேற்றைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதித் தள்ளினேன்.

வழிகாட்டி அதைப் படித்துவிட்டு, “சுத்தமான டிடிடி ஸ்டாண்டர்டை மட்டும் ஓட்டிட்டு வா” என்றார். அதிலும் குட்டி வந்தது. ஜிசியின் ஊசி முகப்பிலிருந்த கண்ணாடி லைனர் முந்தைய மாதிரிகளின் பிசுக்கால் அழுக்கேறி, அந்தச் சூட்டில் டிடிடியை உடைத்துக்கொண்டிருந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் (இபிஏ) முறைப்படி இந்தச் சிதைவு 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. என்னுடையது எங்கேயோ போயிருந்தது. சேறு பாவம், அதன் மேல் பழி போட்டிருக்கிறேன்.

லைனரை மாற்றி எல்லாச் சிப்பிகளையும் மறுபடி ஓட்டினேன். குட்டி குட்டையானது. ஒன்றரைப் பக்கத்தை அழித்துவிட்டேன். இப்போதெல்லாம் மாதிரிகளைத் தொடும் முன் தினமும் காலையில் முதல் ஊசி சுத்த டிடிடிக்குத்தான்.