வாரம் மூன்று நாள், கூண்டுக்குள்

எங்கள் வீட்டில் கரப்பான் என்றே சொல்லி வந்த எக்ஸிமா, என் முழங்கை மடிப்பில் தொடங்கி ஆறு ஆண்டுகளில் முதுகு முழுவதும் பரவிவிட்டது. ஸ்டீராய்டு களிம்பு தடவும்வரை அடங்கியிருக்கும். நிறுத்தினால் முன்னைவிட மூர்க்கமாகக் கிளம்பும். நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் மாத்திரை நன்றாகக் கேட்டது என்றாலும் இரத்த அழுத்தம் ஏறியதால் அதையும் விட வேண்டியதாயிற்று. அதன் பிறகே புதுச்சேரியில் ஒரு தோல் மருத்துவர் ஒளி சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரையோடு இதைச் சேர்த்துச் செய்தால் தோல் புற்றுநோய் அபாயம் கூடும் என்பதால், அதை அடியோடு நிறுத்திய பின்புதான் தொடங்கினார்கள்.

கடலூரிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள், வாரம் மூன்று முறை பேருந்தில் போய்வந்தேன். ஆளுயரக் குழல் விளக்குகள் சுற்றிலும் நிற்கும் கூண்டு அது. அவற்றிலிருந்து வருவது 311 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய குறும்பட்டைப் புறஊதா பி கதிர்; தோலில் மிகையாகக் கொதித்துக் கிடக்கும் நோயெதிர்ப்பு அணுக்களை அது அடக்குகிறது. முதல் நாள் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை; பிறகு முறைக்கு முறை கதிரின் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டினார்கள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். எண்ணெயோ களிம்போ பூசிக்கொண்டு போகக்கூடாது. உள்ளாடைகூட ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இருக்க வேண்டும். சற்றுச் சிறியதாக அணிந்தால், அதுவரை மறைந்திருந்த தோல் கூட்டிய அளவு முழுவதையும் ஒரே நாளில் வாங்கிப் புண்ணாகிவிடும்.

எட்டாவது முறைக்குப் பிறகு ஒரு காலையில் படுக்கை விரிப்பைப் பார்த்தேன். ஒரு இரத்தப் பொட்டுகூட இல்லை. என் மனைவி அதை மடிக்காமல் சிறிது நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

நவம்பர் மழையில் இரண்டு வாரம் போக முடியவில்லை. திரும்பிப் போனபோது இடைவெளியை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அளவைக் குறைப்பதற்குப் பதிலாக வழக்கம்போல் கூட்டிவிட்டார்கள். அன்றிரவே முதுகு தீப்பட்டதுபோல் எரிந்தது, சட்டை பட்டாலே தாங்கவில்லை. எரிச்சல் முழுவதும் தணிந்த பிறகே, குறைந்த அளவிலிருந்து மீண்டும் ஏற்றினார்கள். அதுமுதல் தேதி, அளவு, மறுநாள் தோல் சிவந்ததா என்ற மூன்றையும் ஒரு அட்டையில் நானே எழுதி, விளக்கைப் போடுவதற்கு முன் காட்டினேன்.

இருபத்தெட்டு முறையோடு நிறுத்தினார்கள். முதுகு கறுத்திருக்கிறது, அரிப்பு இல்லை. குளித்த ஈரம் காய்வதற்குள் ஈரப்பதக் களிம்பு தடவுவதை மட்டும் இன்றுவரை விடவில்லை.