நிலம் ஆடும்போது வாசலுக்கு ஓடாதீர்கள்

2001 ஜனவரி 26, காலை 8:46 மணி. குஜராத்தின் கட்ச் பகுதியிலுள்ள அஞ்சார் நகரத்தில் பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் குடியரசு தின ஊர்வலமாகக் குறுகிய தெரு ஒன்றில் போய்க்கொண்டிருந்தார்கள். பூமி குலுங்கியதும் தெருவின் இரு பக்கத்துக் கட்டடங்களும் அவர்கள் மேல் சரிந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கேயே இறந்துபோனார்கள். அவர்களுக்கான நினைவிடம் 2022இல் அதே ஊரில் திறக்கப்பட்டது.

அந்தப் பிள்ளைகள் யாரும் வீட்டுக்குள் மாட்டிக்கொள்ளவில்லை. வெளியேதான் இருந்தார்கள். நிலநடுக்கம் என்றால் நம் வாயில் முதலில் வருவது “வெளியே ஓடு” என்பதுதான். ஆனால் வெளியே என்பது வேறு, வெட்டவெளி என்பது வேறு. உங்கள் தெருவில் நின்று ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். நாலரை இன்ச் செங்கல்லில் எழுப்பிய மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், சன்ஷேட், அதன்மேல் ஏசியின் வெளிப்பெட்டி, பூந்தொட்டி, விளம்பரப் பலகை, குறுக்கே மின்கம்பி. கட்டடம் அசையாமல் நின்றாலும் இவை விழும். விழுகிற இடம் வாசலுக்கு நேர் கீழே, ஓடி வருகிறவர் கால் வைக்கும் முதல் பத்தடிக்குள்.

நேரக் கணக்கும் ஓடுவதற்குச் சாதகமாக இல்லை. நிலநடுக்கத்தின் முதல் அலை வேகமானது, வலு குறைந்தது. ஒரு உதறல், கண்ணாடி கிலுகிலுப்பு, தூரத்தில் லாரி போவது போன்ற உறுமல். சேதம் செய்வது பின்னால் வரும் இரண்டாவது அலை. மையத்திலிருந்து ஏறக்குறைய எட்டு கிலோமீட்டருக்கு ஒரு விநாடி என்று இரண்டுக்கும் நடுவே இடைவெளி கிடைக்கும். 40 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் ஐந்து விநாடி. மூன்றாம் மாடிக்காரர் கதவின் தாழ்ப்பாளை நீக்கி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்கு வரும்போது பெரிய அலை வந்து சேரும். படிக்கட்டோ கட்டடத்திலேயே மோசமான இடம்: ஒவ்வொரு தளமும் ஒரு பக்கம் இழுக்க, சாய்வாக நடுவில் மாட்டிக்கொண்டு முதலில் விரிசல் விடுவது அதுதான்.

ஆகவே உதறல் தெரிந்ததும் இரண்டு மூன்று எட்டுக்குள் என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தான் தப்பிக்க வேண்டும். முட்டி போடுங்கள், உள்ளே நுழையுங்கள், பிடித்துக்கொள்ளுங்கள். முட்டி போடுவது ஏனென்றால், பலமான குலுக்கத்தில் நிற்க முடியாது. நீங்களாகக் கீழே போகாவிட்டால் தரை உங்களைத் தள்ளிவிடும். கனமான சாப்பாட்டு மேசையோ எழுதும் மேசையோ இருந்தால் அதன் அடியில் போய், ஒரு கையால் தலையையும் பிடரியையும் மூடி, மறு கையால் மேசைக் காலைப் பிடியுங்கள். இந்தப் பிடியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மேசை நகர்ந்து போகும், நீங்கள் வெளியே கிடப்பீர்கள். பிடித்திருந்தால் அது போகும் பக்கம் நீங்களும் போகலாம். கண்ணாடி மேல்பலகை போட்ட மேசைக்கு அடியில் நுழைய வேண்டாம்.

மேசை இல்லையா? ஜன்னலும் பீரோவும் இல்லாத உள்சுவர் ஓரமாகக் குந்தி, முகத்தை முழங்காலுக்குள் புதைத்து, இரு கைகளாலும் பிடரியை மூடுங்கள். கட்டிலில் படுத்திருந்தால் எழ வேண்டாம். குப்புறத் திரும்பித் தலையணையைத் தலைமேல் வைத்து அழுத்திக்கொள்ளுங்கள். இருட்டில் எழுந்து ஓடுகிறவர்களின் பாதத்தைக் கண்ணாடித் துண்டுகள் கிழித்துவிடும். சக்கர நாற்காலியில் இருப்பவர் பிரேக்கைப் போட்டுவிட்டு முன்னால் குனிந்து தலையை மூட வேண்டும். கைக்குழந்தையை வயிற்றோடு அணைத்து, நீங்கள் மேலே கவிந்துகொள்ளுங்கள். லிப்ட்டுக்குள் மாட்டினால் எல்லா மாடிப் பொத்தான்களையும் அழுத்தி, முதலில் எங்கே நிற்கிறதோ அங்கே இறங்கிவிடுங்கள்.

கதவு நிலையில் போய் நில் என்று பாட்டி காலத்திலிருந்து சொல்லி வருகிறோம். மண்சுவர் இடிந்து, கனத்த மரநிலை மட்டும் நின்ற காலத்து அறிவுரை அது. இன்றைய கான்கிரீட் வீட்டில் கதவு நிலை சுவரைவிடப் பலமானதல்ல. கதவு விசிறி அடித்து விரலை நசுக்கும். மேலிருந்து விழுவதை அது தடுக்காது. வாட்ஸ்அப்பில் சுற்றும் இன்னொன்று, மேசைக்கு அடியில் போகாதே, பக்கத்தில் படு, முக்கோண இடைவெளி உன்னைக் காக்கும் என்பது. கட்டடம் முழுசாக நொறுங்கும் என்று வைத்துக்கொண்டு சொல்லப்படுவது அது. பெரும்பாலான கட்டடங்கள் அப்படி நொறுங்குவதில்லை. நடப்பது, மேலேயும் பக்கத்திலும் உள்ள சாமான்கள் வந்து விழுவது. அதற்கு மேசையின் அடிதான் சரி, பக்கம் அல்ல.

ஒரே ஒரு விலக்கு உண்டு, அதை மறைத்துப் பேசக் கூடாது. மண்சாந்தில் கல்லை அடுக்கிக் கட்டி, கனமான கூரை போட்ட வீட்டின் தரைத்தளத்தில் இருக்கிறீர்கள், வாசல் இரண்டு மூன்று எட்டில் இருக்கிறது, அதற்கு அப்பால் உண்மையிலேயே வெட்டவெளி என்றால் ஓடிவிடுங்கள். 1993 செப்டம்பர் 30 அதிகாலை 3:56 மணிக்கு மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் 6.2 அளவில்தான் நிலம் அதிர்ந்தது. கல்வீடுகள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேலேயே குவிந்து ஆயிரக்கணக்கானோரைக் கொன்றன. அன்றைய நிலநடுக்க மண்டல வரைபடத்தில் அந்த ஊர் ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் இருந்தது. தமிழ்நாட்டில் ஒன்றும் வராது என்று மண்டல எண்ணைக் காட்டிப் பேசுகிறவர்களிடம் கில்லாரியைச் சொல்லுங்கள். கோயம்புத்தூர் பக்கம் 1900இல் 6 அளவுக்கு அதிர்ந்திருக்கிறது. சென்னை 2002இல் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாவதுக்கு மாற்றப்பட்டது.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு மையம் தூரத்தில் இருப்பதும் உத்தரவாதம் ஆகாது. கட்ச் நிலநடுக்கத்தில் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன. விழுந்தவற்றில் பலவும் கீழே கார் நிறுத்தத் தூண்கள் மட்டும், மேலே சுவர் நிறைந்த வீடுகள் என்று கட்டியவை. மேல்தளங்கள் சுவர்களால் இறுகி ஒரே பெட்டியாக அசைய, முழு அசைவையும் கீழ்த்தளத் தூண்கள் மட்டும் வளைந்து தாங்க வேண்டியிருக்கும். தாங்காதபோது கீழ்த்தளம் மடிந்து, கட்டடம் அப்படியே ஒரு மாடி இறங்கிவிடும். சென்னையில் கட்டுகிற பெரும்பாலான குடியிருப்புகள் இந்த அமைப்பில்தான் நிற்கின்றன. புது வீடு வாங்கப்போகிறவர் கான்கிரீட் போடும் முன்பு தூணின் கம்பிக்கட்டைப் போய்ப் பாருங்கள். குறுக்கே கட்டும் ரிங்கின் இரு முனைகளும் 135 டிகிரிக்கு மடங்கித் தூணின் உள்ளே பார்த்திருக்க வேண்டும். 90 டிகிரியில் மடித்து விட்டிருந்தால், மேல்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்ததுமே ரிங் வாயைத் திறந்துகொள்ளும், நெட்டுக்கம்பிகள் வெளியே பிதுங்கும், தூண் போய்விடும். தூணின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் ரிங்குகளுக்கு நடுவே 4 இன்ச்சுக்கு மேல் இடைவெளி கூடாது. ஐஎஸ் 13920 என்ற தரவிதி சொல்வது இதைத்தான். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இனி வீட்டுக்குள். நம் வீடுகளில் ஆபத்தான பொருள் எது என்று கேட்டால், கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் இரும்பு பீரோ என்றுதான் சொல்ல வேண்டும். ஆறரை அடி உயரம், ஒன்றரை அடி ஆழம். ஆழத்தை உயரத்தால் வகுத்தால் 0.23. புவியீர்ப்பு முடுக்கத்தில் அந்த அளவு பக்கவாட்டுக் குலுக்கம் வந்தாலே அதன் கால்கள் தரையை விட்டு எழத் தொடங்கும். ஒரு அடி ஆழமுள்ள புத்தக அலமாரி அதைவிடச் சீக்கிரம் எழும். மேல்மாடிகளில் குலுக்கம் தரையைவிட அதிகம். பீரோ தலைமேல் சூட்கேஸ் அடுக்கியிருந்தால் இன்னும் மோசம். அவற்றை இன்றைக்கே இறக்கிவிடுங்கள், செலவில்லாத வேலை.

பீரோவைச் சுவரோடு கட்ட 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு எல் கிளாம்ப் போதும், மேல்தகட்டின் பின்பக்கம் இரு மூலைகளிலும். பீரோவின் தகடு மெல்லியது. தானே துளைத்து ஏறும் ஸ்க்ரூ போட்டால் தகடு கிழிந்துவிடும். 6 மில்லிமீட்டர் போல்ட்டும் நட்டும், உள்பக்கம் அகலமான வாஷரும் போடுங்கள். சுவர்ப் பக்கம் 8 மில்லிமீட்டர் பிட்டால் 65 மில்லிமீட்டர் ஆழம் துளைக்க வேண்டும். முதல் அரை, முக்கால் இன்ச் வெறும் பூச்சு. அதில் மட்டும் பிளக் (ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் குழல்) நின்றால் முதல் இழுப்பில் கையோடு வந்துவிடும். துளையிலிருந்து வரும் தூளைக் கவனியுங்கள். சிவப்பாக வந்தால் செங்கல், நல்லது. சாம்பல் நிறமாகவே வந்தால் கலவை மூட்டில் இறங்கியிருக்கிறீர்கள், இரண்டு இன்ச் தள்ளிப் போடுங்கள். வெள்ளை மாவாகக் கொட்டினால் ஏஏசி பிளாக், அதாவது உள்ளே காற்றறைகள் கொண்ட எடை குறைந்த கான்கிரீட் கல். சாதாரண பிளக் அதில் நிற்காது, அதற்கென்று விற்கும் பிளக்கைத்தான் வாங்க வேண்டும். தரையோர ஸ்கர்ட்டிங் பட்டையால் பீரோ சுவரை ஒட்டாமல் அரை இன்ச் தள்ளி நிற்கும். அந்த இடைவெளியில் பிளைவுட் துண்டு வைத்து இறுக்காவிட்டால் கிளாம்ப் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அடி வாங்கிக் கழன்றுவிடும். நாலரை இன்ச் தடுப்புச் சுவரில் மாட்டுவதைவிடத் தூண் இருக்கும் ஒன்பது இன்ச் சுவருக்கு பீரோவை மாற்றுவது மேல்.

வாடகை வீட்டில் துளைபோட விடமாட்டார்கள் என்றால், விழுந்தாலும் கட்டில்மேல் விழாத, கதவை அடைக்காத இடத்துக்கு பீரோவை நகர்த்துங்கள். முன்கால்களுக்கு அடியில் மெல்லிய கட்டை கொடுத்து, சுவர்ப் பக்கம் லேசாகச் சாய்த்து வையுங்கள். பரணில் இருக்கும் பித்தளைக் குடம், அண்டா, ஆட்டுக்கல் எல்லாம் தரைக்கு வரட்டும். கட்டிலுக்கு மேல் சுற்றும் மின்விசிறியின் கொக்கியில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறதா, போல்ட்டின் நட்டைத் தாண்டி, அது கழன்று விழாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் போட்டிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். பின் இல்லாத விசிறிகள் நிறைய உண்டு.

சமையலறையில் இருக்கும்போது ஆடினால், கை எட்டும் தூரத்தில் இருந்தால் மட்டும் அடுப்பை அணையுங்கள். எட்டாவிட்டால் விட்டுவிட்டு நகருங்கள், கொதிக்கும் எண்ணெய் உங்கள்மேல் சரியும். ஆட்டம் நின்ற பிறகு ரெகுலேட்டரை மூடுங்கள். வாடை வந்தால் விளக்கு, விசிறி எந்த ஸ்விட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி உண்டு. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும், அதனால் உயர ஜன்னல் மட்டும் போதாது, கதவையும் திறக்க வேண்டும். ரெகுலேட்டரைக் கழற்றி வெள்ளை மூடியைச் சிலிண்டர் வாயில் அழுத்திப் போட்டுவிட்டு வெளியே வந்து 1906க்குப் பேசுங்கள். சிலிண்டரின் தோள் உயரத்தில் சுவரில் வளையம் அடித்து ஒரு சங்கிலி போட்டிருந்தால் அது உருண்டு குழாயைப் பிய்க்காது.

ஆட்டம் நின்றதும்தான் வெளியேறும் நேரம். செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், ஒரு ஜோடியும் டார்ச்சும் கட்டில் காலில் பையில் கட்டித் தொங்கினால் இருட்டில் தேட வேண்டாம். லிப்ட் வேண்டாம், படிக்கட்டில் சுவரோரமாக இறங்குங்கள். கட்டடத்தின் உயரம் எவ்வளவோ குறைந்தது அவ்வளவு தூரம் விலகி நில்லுங்கள். பின்னதிர்வுகள் நிச்சயம் வரும், நாள்கணக்கில் வரும். முதல் அடியில் பாதி முறிந்த தூணை முடித்து வைப்பது அவைதான். தூணில் சாய்வான விரிசலோ, வெளியே தெரியும் கம்பியோ கண்டால் சான்றிதழ் எடுக்கக்கூட உள்ளே போகாதீர்கள். குடிதண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர். நாலு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர், அதாவது இரண்டு இருபது லிட்டர் கேனும் சில பாட்டில்களும். இடிபாட்டில் சிக்கினால் கத்தித் தூசியை விழுங்காமல், துணியால் வாயை மூடிக்கொண்டு குழாயிலோ சுவரிலோ மும்மூன்றாகத் தட்டுங்கள். தீக்குச்சி வேண்டாம்.

கடற்கரை ஊர்க்காரர்கள் ஆட்டத்தின் தன்மையைக் கவனிக்கப் பழக வேண்டும். வெடுக்கென்று ஓர் உதறல் வந்து நின்றால் பெரும்பாலும் பக்கத்தில் நடந்த சிறியது. ஊஞ்சலில் உட்கார்ந்ததுபோல மெதுவாக, தலைசுற்றுவதுபோல ஒரு நிமிடத்துக்கு மேல் ஆடினால், எங்கோ தொலைவில் மிகப் பெரியது. 2004 டிசம்பர் 26 காலை சுமார் 6:30க்குச் சென்னையில் உணர்ந்தது அப்படிப்பட்டது. சுமத்ராவில் அதன் அளவு 9.1. கடல் வந்தது ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து. 2012 ஏப்ரல் 11 அன்றும் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நடந்து சென்னை ஆடியது, ஆனால் பெரிய அலை எழவில்லை. எது எப்படி முடியும் என்று கரையில் நின்று கணிக்க முடியாது. 2007இலிருந்து ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. நீண்ட ஆட்டம் தெரிந்தால் அந்த அறிவிப்புக்குக்கூடக் காத்திருக்காமல் கடலுக்கு எதிர்ப்பக்கமாக நடக்கத் தொடங்குங்கள். கடல் உள்வாங்கினால்தான் அலை வரும் என்று நம்பி நிற்க வேண்டாம், உள்வாங்காமலும் வரும். முதல் அலை வடிந்ததும் படகையும் வலையையும் பார்க்க இறங்காதீர்கள்; அடுத்தடுத்து வரும் அலைகள் அதைவிடப் பெரிதாக இருக்கலாம், நடுவே அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம்.