11 வினாடி

“நேரம் பத்தலக்கா” என்று நான் சொன்னதற்கு, “சரி தம்பி, சரி” என்றார் அவர். படத்தொகுப்பில் எத்தனையோ பேரின் பேச்சை வெட்டியிருக்கிறேன். இந்த இரண்டு ‘சரி’ மட்டும் காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

அவர் பேச்சில் நான் வெட்டியது 11 வினாடி. முஸ்லிம் பெண்களின் மணவிலக்கு பற்றிய அந்த ஆவணப்படம் 54 நிமிடம். நேரம் பத்தாமல் என்ன?

குலா வாங்கியவர் அவர். திருமணத்தில் கணவன் தந்த மஹரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தானே மணவிலக்கு கேட்டவர். பள்ளிவாசல் ஜமாஅத்தில் பேசியது அவருடைய காக்கா, அதாவது அண்ணன். இவர் வாசலில் நின்றார். அதெல்லாம் படத்தில் இருக்கிறது. மார்க்க அறிஞரான ஹஜ்ரத்தைப் பற்றி அடுத்துச் சொன்னதுதான் இல்லை: “ஹஜ்ரத்து என் பக்கம்தான் பேசுனாங்க தம்பி. மூணாம் நாளே எழுதிக் குடுத்துட்டாங்க. பொய் சொல்லக் கூடாதுல்ல.”

இயக்குநர் சொல்லி வெட்டவில்லை, நானாகத்தான் வெட்டினேன். உடனடி முத்தலாக்கைக் குற்றமாக்கிய 2019 சட்டத்தின் சூடு ஆறாத நேரம் அது. கணவனுக்கு 3 ஆண்டு வரை சிறை சரியா தவறா என்பதுதான் எங்கும் பேச்சு. மனைவி விலக நினைத்தால் என்ன வழி என்று கேட்க ஆளில்லை. 1939 முஸ்லிம் திருமண ரத்துச் சட்டப்படி, கணவன் 2 ஆண்டு பராமரிக்காவிட்டாலோ 4 ஆண்டு தகவலே இல்லாவிட்டாலோ அவள் நீதிமன்றம் போகலாம். நாங்கள் சந்தித்த பெண்களில் யாருக்கும் அது தெரியவில்லை. ஒருவர், கணவர் சம்மதிக்கவில்லை என்பதற்காக ஒன்றரை வருடம் ஜமாஅத் படி ஏறி இறங்கியவர். அவருக்கு அடுத்து ‘என் பக்கம்தான் பேசுனாங்க’ வந்தால் அவர் பட்டபாடு நீர்த்துப்போகும் என்று நினைத்தேன். இன்றும் பாதி மனது அப்படித்தான் நினைக்கிறது.

குலா சான்றிதழைத் தனியார் அமைப்புகள் தர முடியாது, குடும்ப நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபோது, வெட்கமாக இருக்கிறது சொல்ல, எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் மெச்சிய காகிதமே செல்லாதாமே! ஆனால் அவர் காகிதத்தையா மெச்சினார்? தனக்காக ஒருவர் பேசியதைத்தானே சொன்னார்.

போன வாரம் பழைய வன்தட்டில் அந்தத் துண்டைத் தேடி எடுத்து ஓட்டினேன். “பொய் சொல்லக் கூடாதுல்ல” என்னும்போது அவர் கேமராவையும் பார்க்கவில்லை, கேள்வி கேட்டவரையும் பார்க்கவில்லை. இடப்பக்கம் பார்க்கிறார். அங்கேதான் காக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அப்படியானால் நான் வெட்டியது சரியா? நான்கைந்து முறை ஓட்டியும் பிடிபடவில்லை. “சரி தம்பி, சரி” என்ற அன்று அவர் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்றும் நான் கேட்கவில்லை.