ஹகோவா ஜெயிச்ச வருஷம்: 1924-25 வியன்னா லீக், ஒரு நாட்குறிப்பு

மே 4, 2025

சரியா நூறு வருஷம் முன்னாடி இதே மே மாசம் வியன்னாவுல ஒரு லீக் சீசன் கடைசி கட்டத்துக்கு வந்துட்டு இருந்துச்சு. 1924-25. பிரிட்டன், அயர்லாந்து பக்கத்த விட்டுட்டுப் பாத்தா, ஐரோப்பாவுலயே பிளேயர்ஸுக்கு வெளிப்படையா சம்பளம் குடுத்து நடத்துன மொத லீக் இதுதான். பக்கத்து நாடான செக்கோஸ்லோவாக்கியா 1925லயும் ஹங்கேரி 1926லயும்தான் இதே வழிக்கு வந்தாங்க. அந்த மொத புரொஃபஷனல் சீசன்ல பட்டத்த ஜெயிச்சது ஹகோவா, வியன்னாவோட யூத கிளப்.

இந்த சீசனப் பத்தி எங்க தேடுனாலும் ஒரே ஒரு கதைதான் வருது, கையில கட்டுப் போட்டுக்கிட்டு கோல் அடிச்ச கோல்கீப்பர் கதை. அதையும் எழுதுவேன், எனக்கும் அது ரொம்பப் புடிக்கும். ஆனா அத மட்டும் சொல்லிட்டு நகர்ந்துட்டா ஏதோ ஒரு நாள் அதிர்ஷ்டத்துல சாம்பியன் ஆன டீம் மாதிரி ஆயிடுது. ஒரு லீக் பட்டம்ங்கறது செப்டம்பர்ல இருந்து ஜூன் வரைக்கும் வாரா வாரம் உழைச்சு சேக்குற பாயிண்ட், அதுக்குப் பின்னாடி ஒரு கிளப் பல வருஷமா போட்ட திட்டம் இருக்கு. அத எழுதணும்னு தோணுச்சு. நேரம் கெடைக்கறப்பல்லாம் இங்க போடுறேன்.

மே 9

மொதல்ல காசு. அது புரியாம இந்த சீசன் புரியாது.

முதல் உலகப் போர் முடிஞ்சப்போ ஆஸ்திரியா ஒரு பெரிய பேரரசுல இருந்து சின்ன நாடா சுருங்கிப் போச்சு, வியன்னா மட்டும் பதினெட்டு லட்சம் சொச்சம் ஜனத்தோட அப்படியே நின்னுச்சு. 1921-22ல பணவீக்கம் தாறுமாறா ஏறி குரோன் நோட்டுக்கு மதிப்பே இல்லாமப் போச்சு, வெளிநாட்டுக் கடன் வாங்கித்தான் நிறுத்துனாங்க. அப்புறம் ஷில்லிங்னு புதுப் பணம் கொண்டு வந்தாங்க, 10,000 குரோனுக்கு 1 ஷில்லிங், 1925 மார்ச் 1ல இருந்து புழக்கம். அதாவது இந்த சீசன் குரோன்ல ஆரம்பிச்சு ஷில்லிங்ல முடிஞ்சிருக்கு. அந்த வருஷம் சம்பளத்துக்கு கையெழுத்துப் போட்ட பிளேயர் ஒருத்தன் இலையுதிர் காலத்துல ஒரு பணத்துல சம்பளம் வாங்கி வசந்த காலத்துல வேற பணத்துல வாங்கியிருப்பான்.

இவ்வளவு கஷ்டத்துலயும் மைதானத்துக்குக் கூட்டம் வந்துச்சு. வியன்னாவுல டோப்ளிங் பேட்டைப் பக்கம் ஹோஹே வார்ட்டேன்னு ஒரு மலைச்சரிவுல 1921ல ஒரு ஸ்டேடியம் கட்டுனாங்க, பெரிய சர்வதேச மேட்ச்னா பல்லாயிரக்கணக்குல அந்த சரிவுல நின்னு பாப்பாங்க. ராபிட்ங்கற வியன்னா கிளப்போட ஸ்ட்ரைக்கர் யோசஃப் உரிடிலுக்கு "டேங்க்"னு பட்டப்பேரு, விளம்பரத்துல எல்லாம் அவர் பேர வச்சு பொருள் வித்தாங்க. கேட்ல இவ்வளவு பணம் வருது, ஆடுறவன் மட்டும் சம்பளம் வாங்காத அமெச்சூரா இருக்கணும்னா யார் கேப்பா? மேஜைக்கு அடியில காசு போயிட்டுதான் இருந்துச்சு, இல்லன்னா கிளப் ஆளோட கம்பெனியில பேருக்கு ஒரு வேலை.

இத மறைச்சு மறைச்சு நடத்துறதுக்கு பதிலா சட்டமா ஆக்கிடலாம்னு முன்னுக்கு நின்னவர் ஹூகோ மைஸ்ல். பேங்க்ல வேலை பாத்தவர், ரெஃபரியா இருந்தவர், பல பாஷை பேசுவார், ஆஸ்திரிய சங்கத்தோட செக்ரட்டரி. 1930கள்ல "அதிசய அணி"ன்னு பேரு வாங்குன ஆஸ்திரிய டீம உண்டாக்குனவர் இவர்தான். நகரத்த ஆண்ட சோஷியல் டெமாக்ரட்ஸ் பக்கம் விளையாட்ட வியாபாரம் ஆக்குறதுக்கு பலமான எதிர்ப்பு, அதையும் மீறி 1924ல இது நடந்துச்சு. மைஸ்ல் செஞ்சதுல எனக்கு ரொம்பப் பெருசாத் தெரியறது இதுதான், பொய்ய நிறுத்துனார்.

மே 16

இப்போ ஹகோவா.

1909ல ஆரம்பிச்ச கிளப். ஃபுட்பால் மட்டும் இல்ல, நீச்சல், மல்யுத்தம், ஹாக்கி, தடகளம்னு எல்லாம் உண்டு. வியன்னாவுல மத்த பல விளையாட்டு, ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கங்கள்ல யூதர்களை சேக்காத காலம் அது. நாங்களே ஒண்ணு கட்டிக்கிறோம்னு கட்டுனாங்க. ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் ஃப்ரிட்ஸ் லோனர்-பேடா, இசையமைப்பாளர் லெஹாரோட ஓபெரெட்டாக்களுக்கு, அதாவது இசை நாடகங்களுக்கு, பாட்டு எழுதுன அதே ஆள்தான். நீலமும் வெள்ளையும் ஜெர்சி, நெஞ்சுல யூத அடையாளமான தாவீது நட்சத்திரம். 1923 கணக்குப்படி வியன்னாவுல ரெண்டு லட்சம் யூதர்கள், ஊர்ல பத்துல ஒருத்தர். அதுல நெறைய பேர் இருந்தது லியோபோல்ட்ஷ்டாட்ல, அந்தப் பேட்டையோட ஓரத்துலதான் பிராட்டர் பூங்கா, அங்க கிரியாவ்ல ஹகோவாவோட மைதானம்.

1920ல முதல் டிவிஷனுக்கு வந்தாங்க, 1922ல ரெண்டாவது எடம். அப்புறம் 1923 செப்டம்பர்ல லண்டன் போய் வெஸ்ட் ஹாம அவங்க சொந்த மைதானத்துலயே 5-0ன்னு அடிச்சாங்க. அந்த வருஷம் ஏப்ரல்ல வெம்ப்ளியில நடந்த மொத எஃப்ஏ கப் ஃபைனல்ல ஆடுன டீம் வெஸ்ட் ஹாம். அன்னிக்கு அவங்க முழு பலத்தோட இறங்கலன்னு சொல்றவங்க இருக்காங்க, இருக்கட்டும், ஆனா ஐரோப்பாவோட பெருநிலத்துல இருந்து போய் இங்கிலாந்து மண்ணுல இங்கிலீஷ் கிளப்ப ஜெயிச்ச மொத டீம்னு பேரு வாங்கிட்டாங்க.

ஹகோவா மேட்ச்னா வசவு நிச்சயம். மைதானத்த சுத்தி நின்னுட்டு யூத வெறுப்புக் கோஷம் போடுவாங்க, சில நேரம் அடிதடி. அதனால கிளப்போட மல்யுத்தக்காரங்களே பிளேயர்ஸுக்குக் காவலா கூட வருவாங்க. லீக் சாம்பியன் ஆன ஒரு டீமுக்கு அவங்க சொந்த ஊர்லயே காவல் தேவைப்பட்டுச்சு, இத படிக்கறப்போ எனக்கு மனசு ஆறவே இல்ல.

புடாபெஸ்ட்ல இருந்து வந்த ஆளுங்களப் பத்தி தனியா சொல்லணும். ஹங்கேரியில ஹோர்த்தி ஆட்சி, 1920லயே காலேஜ்ல யூத மாணவர்களுக்கு எண்ணிக்கை வரம்பு வச்சு சட்டம் போட்டுட்டாங்க. அங்க எம்டிகே கிளப்ல ஆடுன பேலா குட்மன் 1922 வாக்குல ஹகோவாவுக்கு வந்துட்டார், நடு மைதானத்துல ஆடுற சென்டர் ஹாஃப், அந்தக் காலத்து ஆட்டத்துல டீமோட முதுகெலும்பே அந்த எடம்தான். அவர மாதிரி இன்னும் சில பேர் அங்கிருந்து வந்தாங்க, கோல்கீப்பர் அலெக்சாண்டர் ஃபேபியன் உட்பட. அதே எம்டிகேல இருந்து கொன்ராட் சகோதரர்கள் வியன்னாவுல "அமெச்சூர்"னே பேரு வச்சிருந்த கிளப்புக்குப் போனாங்க. புடாபெஸ்ட் இழந்ததெல்லாம் வியன்னா லீக்குக்கு வந்து சேந்துச்சு.

ஹகோவா புரொஃபஷனலிசத்துக்கு மத்தவங்களவிட முன்னாடியே தயாரா இருந்ததுக்கு இன்னொரு காரணம் டூர். எகிப்து, பாலஸ்தீனம், கிழக்கு ஐரோப்பான்னு போயிட்டே இருப்பாங்க, போற ஊர்ல எல்லாம் யூத ஜனங்க கூட்டம் கூட்டமா வந்து டிக்கெட் வாங்குவாங்க. அந்தக் காசுதான் நல்ல பிளேயர்ஸ கூட்டிட்டு வந்து நல்ல சம்பளம் குடுக்க வச்சுது.

மே 25

நேத்து 2024-25 சீசனோட ஆஸ்திரிய பட்டத்த ஷ்டூர்ம் கிராட்ஸ் திரும்ப ஜெயிச்சுட்டாங்க, தொடர்ந்து ரெண்டாவது வருஷம். வாழ்த்துகள். 1925ல வியன்னாவுக்கு வெளிய இருக்கற கிராட்ஸ் ஊரோட கிளப் ஒண்ணு ஆஸ்திரிய லீக்ல ஜெயிக்கறத விடுங்க, சேரவே முடியாது. அன்னிக்கு ஆஸ்திரிய லீக்னா வியன்னா லீக்தான். எல்லா மாகாணத்துக்குமான ஒழுங்கான லீக் 1949லதான் வந்துச்சு.

எனக்கு அந்த லீக்கோட அழகே இதுதான். ஒரே ஊரு, ஒவ்வொரு கிளப்பும் ஒரு பேட்டை. ஹூட்டல்டோர்ஃப்ல ராபிட், தொழிலாளர் கிளப்பா பொறந்தது, 1911-12ல இந்த லீக் மொத மொத ஆரம்பிச்சப்போ ஒரே ஒரு பாயிண்ட் வித்தியாசத்துல சாம்பியன் ஆனவங்க. டோர்ன்பாக்ல கல்லறைத் தோட்டத்த ஒட்டுன மைதானத்துல ஸ்போர்ட்-கிளப். டோப்ளிங்ல ஃபர்ஸ்ட் வியன்னா, 1894ல ரோத்ஷில்ட் வீட்டுத் தோட்டத்துல வேலை பாத்தவங்களோட ஆரம்பிச்சது, அந்தக் குடும்பத்தோட நீலமும் மஞ்சளுமே கிளப் கலர். தொழிற்சாலைப் பக்கம் சிம்மரிங், ஆத்துக்கு அந்தப் பக்கம் அட்மிரா. வியன்னாவுல வாழ்ந்த செக் ஜனங்களோட கிளப் ஸ்லோவான், 1924 ஆஸ்திரிய கப் ஃபைனல்ல அமெச்சூர் கிளப் கிட்ட 8-6ன்னு தோத்தாங்க, ஒரு ஃபைனல்ல பதினாலு கோல்! ஞாயித்துக்கிழமை ட்ராம் ஏறுனா எதிரி மைதானத்துக்குப் போயிடலாம், திங்கக்கிழமை காஃபி ஹவுஸ்ல உக்காந்து சண்டை போடலாம். வியன்னா ரேடியோ 1924 அக்டோபர்லதான் ஒலிபரப்பே ஆரம்பிச்சுது, மேட்ச் எல்லாம் அதுல வராது. நேர்ல போகாதவனுக்கு பேப்பர்தான்.

அந்த ஆஸ்திரியப் பேப்பர்கள தேசிய நூலகம் ஸ்கேன் பண்ணி எல்லாருக்கும் ஃப்ரீயா வச்சிருக்காங்க. ஃபுட்பால் வரலாறு புடிச்சவங்க கண்டிப்பா பாக்கணும், நேரம் போறதே தெரியாது.

இன்னொண்ணு, ஒல்லியா ஒரு இருவத்தோரு வயசுப் பையன் 1924ல ஹெர்த்தா கிளப்ல இருந்து அமெச்சூருக்கு வந்தான். மத்தியாஸ் சிண்டெலார். பின்னாடி ஆஸ்திரியாவோட மிகப் பெரிய பிளேயர்னு பேரு வாங்குனவர். அமெச்சூர் கிளப் 1926ல ஆஸ்திரியா வியன்னான்னு பேர மாத்திக்கிச்சு.

ஜூன் 1

ராத்திரி முழிச்சிருந்து சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் பாத்தேன், பாரிஸ் 5-0 இன்டர். அந்த ஸ்கோரப் பாத்ததும் எனக்கு ஞாபகம் வந்தது வெஸ்ட் ஹாம்தான்.

தூக்கம் வரல, அதனால ஒரு சட்டப் பாயிண்ட எழுதிடறேன். இந்த சீசன் பழைய ஆஃப்சைட் ரூல்ல நடந்த கடைசி சீசன். அதுவரைக்கும் உன் டீம் ஆள் பந்த உனக்கு அடிக்கற நேரத்துல உனக்கும் கோல் லைனுக்கும் நடுவுல மூணு எதிரணி ஆள் இருக்கணும். 1925 ஜூன்லதான் அத ரெண்டா குறைச்சாங்க. மூணு ஆள் ரூல்ல ஒரு டிஃபெண்டர் கொஞ்சம் முன்னாடி ஏறி நின்னாலே ஸ்ட்ரைக்கர் மாட்டிக்குவான், அதனால சின்னச் சின்ன பாஸ் குடுத்து குடுத்துதான் உள்ள போகணும். வியன்னாவும் புடாபெஸ்டும் வளத்த ஸ்டைலே அதுதான். குட்மன் மாதிரி சென்டர் ஹாஃப் நடுவுல நின்னு பந்தப் பிரிச்சுக் குடுக்குறதும் இந்த ரூலுக்குள்ள நல்லா வேலை செஞ்ச ஆட்டம்.

ஜூன் 7

இந்தப் பகுதிய எழுதாமத் தள்ளிப்போட மனசு வரல.

1925 மார்ச் 10. ஹூகோ பெட்டாவர்னு வியன்னாவுல பிரபலமான எழுத்தாளர், பத்திரிகைக்காரர், யூதராப் பொறந்தவர். யூதர்களை எல்லாம் வெளியேத்துனா ஒரு ஊர் என்ன ஆகும்னு 1922ல ஒரு நாவல் எழுதினார், அது 1924 ஜூலைல, சீசன் ஆரம்பிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, சினிமாவாவும் வந்துச்சு. அவர அவரோட ஆபீஸ்லயே ஒரு நாஜி இளைஞன் சுட்டான். மார்ச் 26 இறந்துட்டார்.

ஷில்லிங் வந்த அதே மாசம், லீக் பாதி தாண்டிப் போயிட்டு இருந்த அதே மாசம். அதுக்கு அடுத்து வந்த ஞாயித்துக்கிழமைகள்ல ஹகோவாவோட பதினோரு பேர் நெஞ்சுல அந்த நட்சத்திரத்தோட மைதானத்துல இறங்குனாங்க, சுத்தி நிக்கறவங்கள்ல யார் கையில என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும். இருந்தாலும் ஆடுனாங்க, ஜெயிச்சாங்க. எனக்கு இந்த சீசன்ல ஆகப் பெரிய வீரம் கையில கட்டோட ஒருத்தர் நின்னது மட்டும் இல்ல, மார்ச்சுக்கு அப்புறமும் எல்லாரும் வாரா வாரம் வந்து நின்னது.

ஆகஸ்ட்ல, யூதர்களுக்குன்னு ஒரு தாயகம் கேட்ட சியோனிஸ்ட் இயக்கத்தோட மாநாடு வியன்னாவுல நடந்தப்போ தெருவுல பெரிய கலவரம். ஒரு யூத கிளப் ஆஸ்திரியா சாம்பியனா இருந்த அந்தக் கோடையிலதான் அதுவும்.

ஜூன் 14

சரி, கோல்கீப்பர் ஃபேபியன்.

சீசன் முடியப் போற நேரம், எதிர்ல ஸ்போர்ட்-கிளப், பட்டம் கைக்கு எட்டுற தூரத்துல. ஆட்டத்துல ஃபேபியனுக்கு கையில பலமா அடிபட்டுருச்சு, இனிமே கோல்ல நிக்க முடியாது. அன்னிக்கு மாத்து ஆட்டக்காரர்னு ஒண்ணே கெடையாது, அடிபட்டவன் வெளிய போனா டீம் பத்துப் பேரோடதான் ஆடணும். ஃபேபியன் வெளிய போகல. கையத் தூக்குக் கட்டுல போட்டுக்கிட்டு, வேற ஒருத்தர் கோலுக்குப் போக, இவர் ஃபார்வர்டா முன்னாடி வந்து நின்னார். ஏழு நிமிஷத்துல கோல் அடிச்சார். 3-2. ஹகோவா சாம்பியன்.

முன்னாடி எழுதுனதெல்லாம் தெரிஞ்சு படிச்சா இந்த கோல் இன்னும் பெருசாத் தெரியுது எனக்கு. புடாபெஸ்ட விட்டு வந்த ஒருத்தர், சம்பளத்துக்கு ஆடுற புரொஃபஷனல், போகாம நின்னு அடிச்ச கோல்.

ஜூன் 15

அப்புறம் என்ன ஆச்சுன்னு சிலர் கேட்டிருந்தீங்க.

1926ல அமெரிக்கா டூர். மே 1 அன்னிக்கு நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ்ல 46,000 பேர். அமெரிக்காவுல அதுக்கப்புறம் அரை நூற்றாண்டு அந்தக் கூட்டத்த எந்த சாக்கர் மேட்சும் தாண்டல. அங்க கெடைச்ச சம்பளத்தையும், தெருவுல பயமில்லாம நடக்க முடியறதையும் பாத்துட்டு குட்மன் உட்பட பல பேர் அமெரிக்க கிளப்கள்ல சேந்துட்டாங்க. சாம்பியன் டீம் கலைஞ்சு போச்சு, ஹகோவா திரும்ப லீக் ஜெயிக்கவே இல்ல. போனவங்கள நான் ஒரு வார்த்தை கூட கொற சொல்ல மாட்டேன்.

1938 மார்ச்ல ஹிட்லர் ஆஸ்திரியாவ எடுத்துக்கிட்டதும் ஹகோவாவ கலைச்சாங்க, மைதானத்தப் பிடுங்குனாங்க, நடந்துட்டு இருந்த சீசன்ல அவங்க ஆடுன மேட்ச் ரிசல்ட்டையே அழிச்சாங்க. லோனர்-பேடாவ உடனே கைது பண்ணி டாக்காவ், புக்கன்வால்ட்னு முகாம் முகாமா இழுத்து, 1942ல ஆஷ்விட்ஸ்ல கொன்னாங்க. கிளப்போட பிளேயர்ஸ்லயும் சில பேர் தப்பிக்கல. அமெரிக்காவுல இருந்து திரும்பியிருந்த குட்மன் ஹங்கேரியில மாட்டி கட்டாய உழைப்பு முகாம் வரைக்கும் போய் உயிர் பொழைச்சார், அப்புறம் கோச்சா 1961லயும் 1962லயும் போர்ச்சுகலோட பென்ஃபிகா கிளப்புக்கு ஐரோப்பிய கப் வாங்கிக் குடுத்தார்.

போருக்கு அப்புறம் கிளப்ப திரும்ப ஆரம்பிச்சாங்க, ஃபுட்பால் பிரிவு மட்டும் ரொம்ப நாள் நிக்கல. பிராட்டர்ல பழைய எடத்துலயே புது விளையாட்டு மையம் 2008ல தொறந்தாங்க, நீச்சலும் கூடைப்பந்தும் நடக்குது.

அடுத்து 1925-26 சீசன எடுக்கப் போறேன், அமெச்சூர் கிளப் லீக்கையும் ஆஸ்திரிய கப்பையும் சேத்து ஜெயிச்ச வருஷம், ரெண்டு ஆள் ஆஃப்சைட் ரூலோட மொத சீசன். அத வச்சு ஆட்டம் எப்படி மாறுச்சுன்னு ஜூலைல எழுதறேன்.