84 விடைத்தாள்களும் அந்த 1 சதவீதமும்

கல்வி முதுமாணி ஆய்வுக்காகக் கொழும்பில் தமிழ்மொழி மூலப் பாடசாலைகள் இரண்டில் தரம் 9 மாணவரின் ஆக்கத்திறனை அளவிடும் வேலையை அண்மையில்தான் முடித்தேன். இதே வேலையில் இறங்கவிருக்கும் ஆசிரியர்கள் நான் இழந்த நாள்களை இழக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் சிக்கலின்றிக் கிடைத்தது. நான் தெரிந்தெடுத்தவற்றுள் ஒன்று மாகாணப் பாடசாலை, மற்றது தேசிய பாடசாலை. ஒரே கடிதம் இரண்டுக்கும் போதும் என்று அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர் உறுதியாகச் சொன்னதை நம்பிச் சென்றேன். தேசிய பாடசாலைகள் நேரடியாக மத்திய கல்வி அமைச்சின் கீழ் வருபவை என்பதால், அதிபர் மரியாதையாகவே என்னைத் திருப்பி அனுப்பினார். அந்த அமைச்சு இருக்கும் பத்தரமுல்லைக்கு அலைந்து புதிய கடிதத்தோடு வருவதற்குள் தவணைப் பரீட்சை தொடங்கிவிட்டது. எந்தப் பாடசாலைக்கு எவருடைய அனுமதி வேண்டும் என்பதை முதல் நாளே அந்தந்த அதிபரிடம் கேட்டுவிடுங்கள்.

அமெரிக்க உளவியலாளர் டொரன்ஸ் 1966இல் வெளியிட்ட ஆக்கத்திறன் சோதனையையே முதலில் விரும்பினேன். அது பதிப்புரிமை உள்ளது. பிரதியெடுத்துப் பயன்படுத்த முடியாது. ஆகவே இன்னோர் உளவியலாளரான கில்ஃபோர்ட் காட்டிய வழியில், நன்கு அறிந்த ஒரு பொருளுக்கு வேறு பயன்களைக் கேட்கும் வினாக்களை நானே அமைத்தேன். 'பழைய பத்திரிகையின் வழக்கத்துக்கு மாறான பயன்களை எழுதுக' என்ற என் வாக்கியத்தை முன்னோடிச் சோதனையில் வாசித்த பிள்ளைகள், "மாறாக எழுதினால் பிழைதானே, மிஸ்?" என்று கேட்டார்கள். 'வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்?' என்று மாற்றிய பிறகே பேனைகள் ஓடின. ஆறு பிள்ளைகளோடு கழித்த அந்த ஒரு மணி நேரம் பின்னர் எனக்குப் பெருந்துணையாயிற்று.

மிகவும் நொந்தது முதல் வகுப்பில். நான் தாள்களைப் பகிர்ந்துகொண்டிருக்கையில், உதவிக்கு வந்த ஆசிரியர் நல்லெண்ணத்தோடு, "கவனமாக எழுதுங்கள், இதற்கும் புள்ளி உண்டு, பிழையாக எழுத வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அந்த வகுப்பில் பெரும்பாலானோர் 'வாசிக்கலாம், புத்தகத்துக்கு உறை போடலாம், சாமான் சுற்றலாம்' என்று மூன்று வரிகளோடு நிறுத்திக்கொண்டார்கள். பரீட்சைச் சூழலை அகற்றி, விளையாட்டுப் போல, நேரக் கட்டுப்பாடின்றி நடத்த வேண்டும் என்று ஆக்கத்திறனை ஆராய்ந்த உளவியலாளர்கள் வாலக்கும் கோகனும் 1965இலேயே வலியுறுத்தியதைப் படித்திருந்தும் அதைக் காக்க நான் தவறினேன். அந்தத் தாள்களை ஒதுக்கிவிட்டு வேறொரு வகுப்பைக் கேட்டுப் பெற வேண்டியதாயிற்று. வகுப்பறையில் எவர் என்ன சொல்லலாம் என்பதை எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். 40 நிமிடப் பாடவேளை ஒன்றை நம்பாமல் அடுத்தடுத்து இரண்டு பாடவேளைகளைக் கேளுங்கள்.

இறுதியில் 84 தாள்கள் சேர்ந்தன. ஆக்கத்திறனைச் சரளம், நெகிழ்ச்சி, தனித்தன்மை என மூன்றாகப் பிரித்துப் புள்ளியிட்டேன். சரளத்துக்கு விடைகளை எண்ணினால் போதும். நெகிழ்ச்சிக்கு அவை எத்தனை வகையைச் சேர்ந்தவை என்று பார்க்க வேண்டும். தனித்தன்மைக்கு வழக்கமான விதியைப் பின்பற்றினேன்: 5 சதவீதத்தினர் வரை மட்டும் எழுதிய விடைக்கு 1 புள்ளி, 1 சதவீதத்தினர் வரை மட்டும் எழுதியதற்கு 2 புள்ளி. இரண்டு வாரம் இரவிரவாகப் புள்ளியிட்டு முடித்தபோது 2 புள்ளிக்கான நிரல் முழுவதும் வெறுமையாக இருந்தது. நம் பிள்ளைகளிடம் புதுமை வற்றிவிட்டதோ என்று உண்மையிலேயே கலங்கினேன். மறுநாள் மேற்பார்வையாளர்தான் கணக்கைச் சுட்டிக்காட்டினார்: 84 பேரில் ஒரே ஒருவர் எழுதினாலே அது 1.19 சதவீதமாகிவிடும். பிள்ளைகள் எதை எழுதியிருந்தாலும் அந்த 2 புள்ளியை எட்டியிருக்க முடியாது. சிறிய மாதிரியை வைத்திருப்பவர்கள் புள்ளியிடும் விதியைத் தங்கள் எண்ணிக்கையில் பொருத்திப் பார்த்த பின்னரே தொடங்குங்கள். ஒருவர் மட்டும் எழுதியதற்கு 2, இருவர் முதல் நால்வர் வரை எழுதியதற்கு 1 என்று விதியைத் திருத்தி, காரணத்தையும் ஆய்வேட்டில் எழுதி, எல்லாத் தாள்களையும் மீண்டும் திருத்தினேன்.

இரண்டாம் மதிப்பீட்டாளராக இன்னோர் ஆசிரியை என் புள்ளிகளைப் பாராமல் திருத்தினார். பெரும்பாலும் ஒத்துப்போனோம். ஒரு விடையில் மட்டும் நெடுநேரம் வாதிட்டோம். 'அம்மப்பாவின் முகத்தில் விரித்துவிட்டால் அவர் நித்திரையாகிவிடுவார்' என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். அது பகிடி, பயனன்று என்றார் அவர். வெளிச்சத்தை மறைப்பதும் பயன்தான் என்றேன் நான். தாளை மூன்றாம் ஒருவரிடம் கொடுத்தோம். அவரும் 2 புள்ளி இட்டார்.