அமரர் ஊர்தியில் அம்மா

பேய்களுக்குப் பேர்போன சவானா ஊருக்குப் பேய் பார்க்கப் போகிறோம் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, “அதுக்கு எதுக்குடா நாலு மணி நேரம் வண்டி ஓட்டணும்?”

நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் கொல்லைக் கதவைத் திறந்து புளியமரம் வரை நடந்தால் போதும்.

அம்மா அட்லாண்டாவுக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வாக்கிங் போகிறவர்களை ஜன்னல் வழியாக எண்ணுவதும் சலித்துவிட்ட நேரம். யாரோ ரத்து செய்ததால் ஒரு பழைய ஓட்டலில் இரண்டு இரவுக்கு அறை கிடைத்தது. ஏன் ஊரே நிரம்பிவழிகிறது என்று யோசிக்காமல் பணத்தைக் கட்டிவிட்டேன். அப்புறம்தான் மனைவி காலண்டரைப் பார்த்தாள். மார்ச் 17, அயர்லாந்துக்காரர்கள் பச்சை உடுத்திக் கொண்டாடும் செயின்ட் பேட்ரிக் நாள். சவானாவில் அதற்கான ஊர்வலம் 1824இலிருந்து நடக்கிறது. அந்த வருடம் 17 ஞாயிற்றுக்கிழமை வந்ததால் ஊர்வலத்தைச் சனிக்கிழமையே வைத்திருந்தார்கள். அதைப் பிடிக்க விடிகாலை மூன்றரைக்குக் கிளம்பினோம். அம்மாவுக்கு ஒன்றும் சிரமமில்லை, எப்படியும் மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்திருப்பாள்.

மேக்கன் தாண்டி 16ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் சவானா வரைக்கும் பைன் மரம்தான். நடுவில் கண்ணுக்கு வேறு எதுவும் தட்டுப்படாது. அம்மாவும் மகனும் தூங்கிவிட்டார்கள். ஊருக்குள் நுழைந்ததும் கண்விழித்த அம்மா, தெருவை மூடி நின்ற ஓக் மரங்களையும் கிளைகளிலிருந்து கொத்துக்கொத்தாகத் தொங்கிய சாம்பல் நிறச் சடைகளையும் பார்த்துவிட்டு, கண்ணாடியை இறக்கச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“சடாமுனி. ஒண்ணு ரெண்டு இல்ல, தெருவுக்குத் தெரு நிக்கிறாரு.”

அது ஸ்பானிஷ் மாஸ் என்றேன். பெயரில்தான் ஸ்பெயினும் பாசியும் இருக்கின்றன, உண்மையில் அது அன்னாசிக் குடும்பத்துச் செடி, மரத்தை உறிஞ்சாது, காற்றிலும் மழையிலும் கிடைக்கும் ஈரத்தை வைத்தே வாழும் என்று படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். “அன்னாசியோ என்னமோ, சடை சடைதான்” என்று முடித்துக்கொண்டாள்.

1733இல் ஜேம்ஸ் ஓக்லதார்ப் என்ற ஆங்கிலேயர் கட்டம் போட்டு அமைத்த ஊர் இது. நாலு தெரு நடந்தால் ஒரு சதுக்கம் வந்துவிடும். மொத்தம் 24 இருந்தன, இப்போது 22. ஆரம்பத்தில் இந்தக் குடியேற்றத்தில் ரம்முக்குத் தடை, அடிமை வைத்துக்கொள்ளவும் தடை. வக்கீல்களுக்கும் தடை இருந்தது என்று கூடுதலாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். இப்போது அதே தெருக்களில் 16 அவுன்ஸ் பிளாஸ்டிக் கோப்பையில் சரக்கை ஊற்றிக்கொண்டு சட்டப்படியே நடக்கலாம். ஓக்லதார்ப் சிப்பேவா சதுக்கத்தில் சிலையாக நிற்கிறார். தெற்கே ஃப்ளோரிடாவிலிருந்து ஸ்பானியர்கள் படையெடுத்து வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பதாகக் கணக்கு. கோப்பையோடு போகிறவர்களைப் பார்க்கப் பிடிக்காமல்தான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார் என்பது என் கணக்கு.

ஊர்வலத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தோன்றவில்லை. பச்சைக் கோட்டு, பச்சைத் தொப்பி, பச்சைத் தாடி, பச்சை பீர். பேக்பைப் கோஷ்டி கடந்து போகும்போது அம்மா, “நாகஸ்வரக்காரர் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு, ஒத்து மட்டும் வந்திருக்கு” என்றாள். ஃபோர்சைத் பூங்காவில் 1858இல் வைத்த வெள்ளை நீரூற்று இருக்கிறது. இந்த விழாவுக்காக அதன் தண்ணீரில் பச்சைச் சாயம் கலந்திருந்தார்கள். “பாசி பிடிச்சுக் கிடக்கு, திருவிழாவுக்காவது குளத்தைக் கழுவ மாட்டாங்களா?” என்றாள். சமயபுரத்தாள் பச்சைப் பட்டினி விரதம் இருக்கும் மாதம் என்பதால் அம்மா ஊரிலிருந்தே கிளிப்பச்சைச் சேலையோடு வந்திருந்தாள். அதைப் பார்த்த குடிமகன்கள் ஓடி ஓடி வந்து கழுத்தில் பச்சை மணிமாலை போட்டார்கள். மத்தியானத்துக்குள் பதினான்கு மாலை. “இங்க பச்சை இருக்கு, பட்டினிதான் இல்ல.”

ஞாயிற்றுக்கிழமை ரிவர் ஸ்ட்ரீட். கப்பல்கள் பாரத்துக்காக ஏற்றிவந்த கற்களைப் பாவிய சரிவுகள், பெரியவர்களின் முழங்காலுக்கு ஆகவே ஆகாது. ஆற்றோரத்தில் துணியை வீசிக்காட்டும் ஒரு பெண் சிலை. அவள் ஃப்ளாரன்ஸ் மார்டஸ். கலங்கரை விளக்கம் காத்த அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு 1887 முதல் 1931 வரை, 44 வருடம், போன கப்பலுக்கும் வந்த கப்பலுக்கும் பகலில் கைக்குட்டையும் இரவில் விளக்கும் ஆட்டியவள். கடலுக்குப் போன காதலனுக்காகக் காத்திருந்தாள் என்று கதை கட்டிவிட்டார்கள். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நாப்பத்திநாலு வருஷமா தங்கச்சிக்கு ஒரு மாப்பிள்ளை பாக்கணும்னு அந்த அண்ணனுக்குத் தோணலையா?” என்றாள். சுற்றுலாக் கையேடு எதிலும் அந்தக் கோணம் இல்லை.

வழியில் சில வீட்டு முகப்புகளில் உட்கூரைக்கு மட்டும் வெளிர்நீலம் பூசியிருந்தது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்த கல்லா கீச்சி மக்களின் நம்பிக்கை அது. நீலத்தைப் பேய் தண்ணீர் என்று நினைத்துக்கொள்ளும், தண்ணீரைத் தாண்ட அதனால் முடியாது. அம்மா நின்று அண்ணாந்து பார்த்தாள். “நாம பூசணிக்காய் கட்டுறோம், இவங்க சொட்டு நீலம் அடிக்கிறாங்க” என்றாள். சடாமுனிக்கு அடுத்து அந்த ஊரில் அவள் மரியாதையோடு பார்த்த விஷயம் அதுதான்.

இரவு ஒன்பதுக்குப் பேய் உலா. வாசலில் வந்து நின்ற வண்டியைப் பார்த்ததும் எனக்கே திக்கென்றது. நீளமான கறுப்பு அமரர் ஊர்தி. கூரையை அறுத்துத் தள்ளிவிட்டு, பெட்டி வைக்கும் இடத்தில் இருக்கை போட்டிருந்தார்கள். டிக்கெட் எடுத்தவன் நான். படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

“ஏன்டா, நாலு பேர் தூக்கி ஏத்த வேண்டிய வண்டியில நானே படியேறி உக்காரணுமா?”

“வேண்டாம்னா விட்டுடலாம்மா.”

“காசத் திருப்பிக் குடுப்பாங்களா?”

“மாட்டாங்க.”

“தள்ளு, ஏறுறேன்.”

எங்கள் வழிகாட்டி உயரத் தொப்பி வைத்த ஒரு பையன். குரலை இறக்கியும் ஏற்றியும் நன்றாகவே கதை சொன்னான். பழைய காலனியக் கல்லறைத் தோட்டத்தின் கம்பி வேலியோரம் வண்டி நின்றது. 1853இல் மூடிவிட்ட இடுகாடு அது. 1820இல் மஞ்சள் காய்ச்சலில் செத்த ஏறத்தாழ 700 பேர் அங்கே கிடக்கிறார்கள். காய்ச்சலைப் பரப்பியது கொசு என்று அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது, கெட்ட காற்று என்று நினைத்தார்கள். அவன் “உங்கள் தோளில் ஏதாவது படுகிறதா?” என்று கிசுகிசுத்த அதே நொடி என் கழுத்தில் ஒரு கொசு கடித்தது. அத்தனை பேரைக் கொன்றவனின் பேரப்பிள்ளைகள் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார்கள்.

உள்நாட்டுப் போரின்போது, 1864 டிசம்பரில், வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மன் எங்கள் அட்லாண்டாவை எரித்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். இதை மட்டும் எரிக்காமல் லிங்கனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகத் தந்தியில் அனுப்பினார், கூடவே 150 பீரங்கியும் 25,000 பொதி பஞ்சும். அந்தப் பஞ்சை விளைவித்தவர்கள் யார் என்பதைப் பையன் ஒரே மூச்சில் கடந்துவிட்டான். 1859இல் இதே ஊருக்கு வெளியே இருந்த குதிரைப் பந்தய மைதானத்தில் 400க்கும் மேற்பட்ட மனிதர்களை இரண்டே நாளில் ஏலம் விட்டார்கள். எனக்கென்னவோ பேய் உலாவை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று பட்டது. வண்டி அந்தப் பக்கம் போகவில்லை.

ரைட் சதுக்கத்தில் ஆலிஸ் ரைலி கதை. அயர்லாந்திலிருந்து வந்த வேலைக்காரப் பெண். எஜமானைக் கொன்றதாகத் தீர்ப்பு. வயிற்றில் பிள்ளை இருந்ததால் பிரசவம் வரை காத்திருந்து, 1735இல் தூக்கில் போட்டார்கள். இன்றும் பிள்ளையைத் தேடி அலைகிறாள் என்றான் பையன். மகன் மொழிபெயர்க்க, அதுவரை கால்வலியைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அவளுக்கு ஒரு சுமைதாங்கிக் கல்லு நட்டாங்களான்னு கேளு.”

பிள்ளைத்தாய்ச்சி செத்துப்போனால் எங்கள் பக்கத்தில் வழியோரமாக இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்துவார்கள். போகிறவன் வருகிறவன் தலைச்சுமையை அதில் இறக்கிவைப்பான். அவன் பாரம் இறங்கும்போது அவள் வயிற்றுப் பாரமும் இறங்கும் என்று நம்பிக்கை. இதையெல்லாம் ஓடாத அமரர் ஊர்தியில் உட்கார்ந்துகொண்டு என் மகன் இங்கிலீஷில் விளக்கப் பார்த்தான். பையன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டான். கடைசியில், “சதுக்கத்தில் பெஞ்சு இருக்கிறது, அதில் பை வைக்கலாம்” என்றான். அம்மா அதை ஏற்றுக்கொண்ட மாதிரிதான் தெரிந்தது.

அறைக்குத் திரும்பியபோது பதினொன்றரை. இடுகாட்டைப் பார்த்தாயிற்று, பாடை வண்டியிலும் ஏறியாயிற்று, தலைமுழுகாமல் அம்மா கட்டிலைத் தொடமாட்டாள். அவள் குளியலறைக்குள் போனதுதான் எனக்குத் தெரியும். தூங்கிவிட்டேன்.

காலையில் எழுந்தால் அறையில் இரண்டு ஐஸ் வாளி இருந்தன. முந்தைய நாள் ஒன்றுதான் இருந்ததாக ஞாபகம். ஓட்டல் ஆட்கள் வைத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

கீழே காலை உணவுக் கூடத்தில் ஒரு மேசையைச் சுற்றிக் கூட்டம். நடுவில் ஆறரை அடி உயரத்தில் ஒரு ஆள், பச்சை டீசர்ட், வெளிறிய முகம். இரவு ஒன்றரை மணிக்கு ஐஸ் எடுக்கப் போனவர் மாடிப்படியில் அவளைப் பார்த்தாராம். கால் வரை நீண்ட வெள்ளை கவுன். விரித்த ஈரக் கூந்தல், நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. செருப்பில்லாத கால், சத்தமே இல்லை. நெற்றி முழுக்கச் சாம்பல். கையில் பழங்கால உலோகக் கலசம். அவரைப் பார்த்து “வாட்டர்… வாட்டர்…” என்றாளாம். பக்கத்தில் இருந்த அம்மணி, ஆற்றில் மூழ்கிச் செத்தவளாகத்தான் இருக்கும் என்றார். மஞ்சள் காய்ச்சல்காரி, கடைசியில் தாகத்தோடு போயிருப்பாள் என்றார் இன்னொருவர். இஞ்சி வாசனை கூட வந்தது என்றார் நெட்டைக்காரர்.

மனைவி மேசைக்கடியில் என் காலை மிதித்தாள்.

நான் மெதுவாக அம்மா பக்கம் திரும்பினேன். கிளிப்பச்சைச் சேலை, இறுக்கிப் போட்ட கொண்டை, கழுத்தில் மணிமாலை. ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டிருந்தாள்.

“ராத்திரி எங்கயாவது போனியாம்மா?”

“தலைக்கு ஊத்திக்கிட்டதுல தும்மலா வந்துச்சு. சுக்குத்தூள் இருக்கு, வெந்நி இல்ல. கீழ பெரிய பிளாஸ்க்ல வச்சிருப்பாங்களேன்னு சொம்ப எடுத்துக்கிட்டு எறங்குனேன். படியில ஒருத்தன் வந்தான், ஹாட் வாட்டர் எங்கன்னு கேட்டேன். வாளியப் போட்டுட்டு ஓடிட்டான். வயித்துக்கு முடியல போல, பாவம்.”

பருத்தி நைட்டியும் விபூதியும் இவ்வளவு வேலை செய்யும் என்று யார் நினைத்தார்கள். யோசித்துப் பார்த்தால் இந்த ஊர்ப் பேய்களுக்கு நைட்டிதான் சீருடை.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தேன். அதற்குள் வரவேற்பு மேசைப் பெண் ஒரு தடித்த நோட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் விரித்தாள். விருந்தினர்கள் தங்கள் அமானுஷ்ய அனுபவங்களை எழுதிவைக்கும் நோட்டாம். பேனாவைப் பிடித்த அந்த ஆளின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் கல்நெஞ்சக்காரனும் வாயைத் திறக்கமாட்டான். இத்தனை காசு கொடுத்து இவ்வளவு தூரம் வந்து, பேயை நேருக்கு நேர் பார்த்துவிட்ட மனிதர். எழுதுவதை நடுவில் நிறுத்தி, அம்மாவைப் பார்த்து ரொம்பப் பரிவாக, ராத்திரியில் தனியாகப் படியிறங்க வேண்டாம் என்று எச்சரிக்கை வேறு செய்தார். அம்மா தலையாட்டினாள்.

“என்னடா எழுதுறான்?”

எட்டிப் பார்த்துச் சொன்னேன். “கையில நூறு வருஷத்துப் பித்தளைக் கலசம்னு எழுதிருக்காரும்மா.”

“பித்தளையா? எவர்சில்வர்டா. போன தீவாளிக்கு உங்க அத்தை குடுத்தது. சரியா எழுதச் சொல்லு.” ரொட்டியைக் கடித்துக்கொண்டே, “அப்படியே அந்த வாளியையும் எடுத்துட்டு வந்து குடுத்துடு. தேடுவான்” என்றாள்.