மூன்றாம் வருடத்துக் கரண்ட் பில்

போர் முடிந்து சில வருடங்களில் கிளிநொச்சியில் ஒரு சின்ன உள்ளூர் நிறுவனத்தில் திட்ட அலுவலராகச் சேர்ந்தேன். கையில் தந்த முதல் வேலையே ஒரு தூதரகத்துக்கு நிதி விண்ணப்பம் எழுதுவதுதான்.

பெரிய வெளிநாட்டு உதவிகள் கொழும்பில் அமைச்சு மட்டத்தில் பேசி முடிவாகும். இந்தச் சிறு நிதி அப்படியல்ல. ஒரு தொண்டு நிறுவனமோ, பாடசாலையோ, பிரதேச சபையோ தூதரகத்திடம் நேரே கேட்கலாம். ஜப்பான் 1989இல் தொடங்கிய அடிமட்ட நிதித் திட்டம் இதில் பழையது. அந்த நாட்களில் பொதுவாக ஒரு திட்டத்துக்கு ஒரு கோடி யென் வரை கிடைத்தது. கனடாவும் அவுஸ்திரேலியாவும் இதே மாதிரிக் கொடுக்கின்றன. வடக்கில் கண்ணிவெடி அகற்ற ஜப்பானின் இந்த நிதி நிறையவே வந்தது. சனம் திரும்பிப் போய்த் தோட்டம் செய்யும் காணிகளைப் பார்க்கும்போது, அந்தப் பணத்தின் மதிப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் சம்பளம், கரண்ட், வாடகை போன்ற அன்றாடச் செலவுக்கு ஜப்பானின் நிதி கிடைக்காது. கட்டடம் கட்டலாம், மெசின் வாங்கலாம். அதற்கும் மூன்று கடைக் கொட்டேசன், பிறகு கணக்காய்வு அறிக்கை. நானும் அதற்குள்ளேயே மூழ்கிப்போனேன். மாதர் சங்கம் ஒன்றுக்கு மிளகாய், மா அரைக்கும் மில் கேட்டு எழுதினேன், கிடைத்தது. மெசின் திரீ பேஸில், அதாவது மும்முனை மின்சாரத்தில் ஓடுவது. அந்த ஒழுங்கையில் இருந்ததோ சிங்கிள் பேஸ் லைன். புது இணைப்புக்கான செலவை நான் விண்ணப்பத்தில் போடவே இல்லை. திறப்பு விழாவன்று வாடகை ஜெனரேட்டரில் ஓட்டிக் காட்டினோம். அப்புறம் எட்டு மாதம் மெசின் பொலித்தீன் உறைக்குள் கிடந்தது. அந்தப் பெண்கள் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அது இன்னும் வலிக்கிறது.

அடுத்த ஊரில் விண்ணப்பப் படிவத்தோடு போய் உட்கார்ந்தபோது, சங்கத்தில் மூத்த அம்மா ஒருவர் கேட்டார்: “தம்பி, மில்லைத் தருவியள், சரி. மூண்டாம் வருசம் கரண்ட் பில்லை ஆர் கட்டுறது?”

படிவத்தை மூடி வைத்தேன். வேப்பமரத்தடியில் ஒரு சீ.ஆர். கொப்பியை விரித்து மூன்று பின்னேரம் கணக்குப் பார்த்தோம். ஒரு நாளைக்கு எத்தனை கிலோ வரும், யூனிட் எவ்வளவு ஓடும், பெல்ட் எத்தனை மாதம் தாங்கும், மில்லில் நிற்பவருக்கு என்ன கூலி, வங்கியில் என்ன போடுவது. நான் நினைத்த பெரிய மெசின் அந்தக் கணக்குக்குள் அடங்கவே இல்லை. சிங்கிள் பேஸில் ஓடும் சின்னது போதும் என்று அவர்களே முடிவு செய்தார்கள். கேட்க இருந்த தொகை ஏறக்குறையப் பாதியானது.

அன்றாடச் செலவுக்குத் தரமாட்டோம் என்ற விதி மீது எனக்கு முன்பு கோபம் இருந்தது. இப்போது இல்லை. ஒரு வருடத்தில் முடியும் பணத்தை நம்பி மாதச் சம்பளத்தைத் தொடங்கினால், அது நிற்கும் நாளில் எல்லாமே நிற்கும். ஆனால் கணக்கெழுதப் பழக்கவும், மெசினைக் கழற்றிப் பூட்டப் பழக்கவும் ஆறு மாதத்துக்கு ஒருவரை வைக்க இடம் கொடுக்கலாம். கட்டடத்துக்குப் பெயின்ற் அடிப்பதை விட அது பெரிய முதலீடு. கருத்துக் கேட்ட ஒவ்வொரு தூதரக அலுவலரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன்.

2022 வந்தது. டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360ஐத் தாண்டியது. ஓகஸ்ட்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியது. அடுத்த பெப்ரவரியில் மறுபடியும் 66 வீதம். எத்தனையோ மில்கள் இழுத்து மூடிய நேரம். பயந்து பயந்துதான் அந்த அம்மாவின் ஊருக்குப் போனேன். ஒழுங்கை முனையிலேயே மிளகாய்த் தூள் நெடி மூக்கில் ஏறியது. கிலோவுக்கான கூலியைக் கூட்டியிருந்தார்கள். போதாததற்கு வங்கிச் சேமிப்பில் இரண்டு தடவை கை வைத்திருந்தார்கள்.

அந்த அம்மா மேசை லாச்சியிலிருந்து கொப்பியை எடுத்துத் தந்தார். அது மூன்றாவது கொப்பி. கடைசிப் பக்கத்தில் நீலப் பேனையால் எழுதியிருந்தது: “பெல்ட் மாத்தினது. பில் கட்டினது. மிச்சம் 1,140.”